விளக்கேந்திய தேவதைகள்: பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய அலங்காரச் சிற்பம்

1869ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26ஆம் தேதி இரவில், பாரிஸில் இன்னும் கட்டி முடிக்கப்படாதிருந்த புதிய ஓபரா அரங்கின் முகப்பில், சில வாரங்களுக்கு முன்புதான் திரை விலக்கப்பட்டிருந்த ஒரு கற்சிற்பத் தொகுதியின் மீது யாரோ மைப்புட்டியை வீசிவிட்டுப் போனார்கள். வட்டமாகச் சுழன்றாடும் பெண்களில் ஒருத்தியின் இடுப்பில் புட்டி மோதி உடைந்து, வெளிர்ந்த கல்லில் மை கருமையாக வழிந்தது. 'நடனம்' என்று பெயரிடப்பட்ட அந்தத் தொகுதியைச் செதுக்கியவர் ழான் பாப்தீஸ்த் கார்ப்போ. மூன்று உருவங்கள் போதும் என்று கட்டடக் கலைஞர் ஷார்ல் கார்னியே கேட்டிருந்த இடத்தில் அவர் ஒன்பது உருவங்களை நெருக்கி அமைத்திருந்தார். நடுவில் நடனத்தின் ஆவி ஓர் இளைஞனாக, கஞ்சிராவைப் போன்ற சிறு வாத்தியத்தைத் தலைக்கு மேல் உயர்த்தித் துள்ளுகிறது. சுற்றிலும் மதுத் தெய்வமான பாக்கஸின் பரிவாரப் பெண்கள் மூச்சு வாங்க, வாய்விட்டுச் சிரித்தபடி ஆடுகிறார்கள். காலடியில் ஒரு க்யூபிட் குழந்தை ஒதுங்கிக் கிடக்கிறது.

ஆடையில்லாத உடல் பாரிஸ் மக்களுக்குப் புதிதன்று. ஆறு ஆண்டுகளுக்கு முன், 1863ஆம் ஆண்டுக் கலைக்காட்சியில் கபானெல் தீட்டிய, அலைமேல் கிடக்கும் காதல் தேவி வீனஸைப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனே விலைகொடுத்து வாங்கியிருந்தார். ஓபராவின் அதே முகப்பில் ஜூஃப்ருவா, கியோம், பெரோ ஆகியோர் செய்த மற்ற மூன்று தொகுதிகளும் நிற்கின்றன. அவற்றைக் குறித்து யாரும் கோபப்படவில்லை, இன்றுவரை யாரும் பெரிதாகப் பேசுவதும் இல்லை. அவற்றில் உள்ளவர்கள் தெய்வங்களைப் போல அசைவற்று, எங்கோ பார்த்தபடி நிற்கிறார்கள். கார்ப்போவின் பெண்களோ எதிரே நிற்பவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இடுப்பில் சதை மடிகிறது, கன்னத்தில் குழி விழுகிறது. பாக்கஸின் தோழியர் என்ற பெயர் அவர்களை மூடிக் காக்கப் போதவில்லை; நேற்றிரவு நடனக் கூடத்தில் கண்ட பெண்களையே மக்கள் அங்கே அடையாளம் கண்டுகொண்டார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் ஐரோப்பிய நகரங்களின் கூரைகளிலும் பாலங்களிலும் நீரூற்றுகளிலும் வரவேற்பறை மேசைகளிலும் ஏறி அமர்ந்த ஆயிரக்கணக்கான தொன்ம உருவங்களைப் புரிந்துகொள்ள இந்த மைக்கறை நல்ல தொடக்கம். அக்காலத்தில் அப்பல்லோவையோ வீனஸையோ யாரும் வழிபடவில்லை. அவர்களின் கதைகளை முழுமையாக அறிந்தவர்கள்கூட லத்தீன் படித்த ஒரு சிறு வட்டத்தினரே. எனினும் அந்தப் பெயர்கள் இரண்டு வேலைகளைச் செய்தன. விளக்கைத் தாங்கவும் நீரைப் பொழியவும் மணிகாட்டியின் மேல் சாயவும் ஓர் உடல் தேவைப்பட்டபோது அதற்கு ஒரு காரணத்தைக் கொடுத்தன. அந்த உடல் ஆடையின்றி இருப்பதற்கு ஓர் அனுமதியையும் கொடுத்தன. பெயருக்கும் உடலுக்கும் இடையிலான இந்த ஒப்பந்தம் எங்கெல்லாம் தளர்ந்ததோ அங்கெல்லாம் சண்டை எழுந்தது.

இத்தனை உருவங்களுக்குத் தேவை எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை எளியது. பாரிஸில் நகரை மாற்றியமைத்த அதிகாரி ஓஸ்மானின் புதிய தெருக்களும், வியன்னாவில் 1857ஆம் ஆண்டு ஆணைக்குப் பின் இடிக்கப்பட்ட கோட்டைச் சுவரின் இடத்தில் எழுந்த ரிங் வீதியும் அரங்குகளையும் அருங்காட்சியகங்களையும் மன்றங்களையும் வரிசையாகக் கொண்டுவந்தன. அவற்றை அலங்கரிக்கும் கைகள் ஏற்கெனவே பழக்கப்பட்டிருந்தன. பிரெஞ்சுச் சிற்பி ஒருவர் மேலேற வேண்டுமானால் ரோமாபுரிப் பரிசு என்னும் போட்டியில் வெல்ல வேண்டும். போட்டிக்குத் தரப்படும் பொருள் பெரும்பாலும் கிரேக்க, ரோமானியக் கதையாகவே இருக்கும். வென்றவர் அரசுச் செலவில் ரோமில் மெடிச்சி மாளிகையில் தங்கிப் பழைய சிலைகளைப் பார்த்துப் படிப்பார். யாழ் இருந்தால் அப்பல்லோ, திரிசூலம் இருந்தால் நெப்டியூன், பிறைநிலா முடியில் இருந்தால் டயானா, கிண்ணமும் கழுகும் இருந்தால் இளமைத் தேவி ஹீபி என்ற கைப்பொருள் இலக்கணம் அவர்களுக்கு மனப்பாடம். அந்த இலக்கணத்தை வைத்துக்கொண்டு எந்தக் கட்டடத்துக்கும் பொருத்தமான ஆளை அரைமணி நேரத்தில் தேர்ந்தெடுத்துவிடலாம். ஓபராவுக்கு இசைத் தெய்வம் அப்பல்லோ, குடிநீர்த் தொட்டிக்கு நீர்மகள், பங்குச்சந்தைக்கு வணிகத் தெய்வம் மெர்குரி என்பது கற்பனையைவிடப் பழக்கத்தின் விளைவே.

அரசியலுக்கும் இந்தத் தெய்வங்கள் வசதியாக இருந்தன. வியன்னாவில் தியோஃபில் ஹான்சன் கட்டிய நாடாளுமன்றத்தின் முன் 1902இல் நிறைவுற்ற நீரூற்றின் உச்சியில், கார்ல் குண்ட்மன் செதுக்கிய, ஞானத் தெய்வமான பல்லாஸ் அதீனா பொன்முடி தரித்து நிற்கிறாள். அவள் காலடியில் டான்யூப், இன், எல்பே, மொல்தாவ் ஆகிய ஆறுகள் மனித உருவில் சாய்ந்திருக்கின்றன. ஜெர்மானியரும் செக்கியரும் போலந்தியரும் குரோவேசியரும் ஒன்றாக அமர்ந்து, 1897இல் ஆட்சிமொழி ஆணையை முன்னிட்டு மேசைகளைத் தட்டிக் கலவரம் செய்த அவை அது. எந்த இனத்தின் வீரனை அதன் வாசலில் நிறுத்தினாலும் மற்ற இனங்கள் பொறுத்திருக்கமாட்டா. அதீனா யாருக்கும் சொந்தமில்லாதவள் என்பதால் எல்லோருக்கும் ஏற்றவளானாள். அவளுடைய முகம் வீதியை நோக்கியும் முதுகு மன்றத்தை நோக்கியும் இருப்பதால், ஞானம் நாடாளுமன்றத்துக்கு முதுகைக் காட்டிவிட்டது என்று வியன்னாக்காரர்கள் சொல்லிச் சிரிப்பது இன்றும் வழக்கம். பெர்லினில் ரைன்ஹோல்ட் பேகாஸ் 1891இல் முடித்த நெப்டியூன் நீரூற்றிலும் இதே உத்தி உண்டு. கடல் தெய்வத்தைச் சுற்றித் தொட்டியின் விளிம்பில் அமர்ந்திருக்கும் நான்கு பெண்கள் எல்பே, ரைன், ஓடர், விஸ்துலா என்னும் ஆறுகள்; பிரஷ்ய அரசின் பரப்பை நிலப்படம் இல்லாமல் சொல்லும் வழி அது. விஸ்துலா இன்று முழுவதும் போலந்துக்குள் ஓடுகிறது. சிலை மட்டும் பெர்லினில் தங்கிவிட்டது.

ஓபராவுக்குத் திரும்புவோம். மைக்கறையை வேதியியலார் ஒருவர் போக்கிவிட்டாலும் கூச்சல் அடங்காததால், கார்ப்போவின் தொகுதியை அகற்றிவிட்டு வேறொன்றை வைக்குமாறு சிற்பி குமெரியிடம் பணி ஒப்படைக்கப்பட்டது. 1870இல் பிரஷ்யாவுடன் போர் மூண்டது. குமெரி 1871இல் இறந்தார். கார்ப்போவின் பெண்கள் நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தார்கள். காற்றும் புகையும் அரித்த மூலச் சிற்பம் 1964இல் உள்ளே எடுத்துச் செல்லப்பட்டு இப்போது ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முகப்பில் இப்போது நிற்பது சிற்பி பால் பெல்மொந்தோ செய்த நகல்.

அதே குமெரி ஓபராக் கூரையின் இரு மூலைகளுக்கும் செய்த பொன்னிறத் தொகுதிகள் தொழில்நுட்ப வகையில் அதிகம் கவனிக்கத்தக்கவை. அவை வார்க்கப்பட்டவை அல்ல. அச்சின் உட்புறத்தில் மின்சாரம் கொண்டு செம்பைப் படியவைத்து, படிந்த செம்பு ஓடுகளை எடுத்து இணைத்துப் பொன்முலாம் பூசும் முறையில் அவை உருவாயின. கரண்டிக்கு வெள்ளிமுலாம் பூசப் பயன்பட்ட அதே அறிவியல், தெருவிலிருந்து அண்ணாந்து பார்க்கும் தேவதைகளையும் உருவாக்கியது. முழு வெண்கலத்தைவிட எடை குறைவு. உயரத்தில் நிறுத்துவது எளிது. குவிமாடத்தின் பின்னால், எல்லாவற்றுக்கும் மேலே, எமே மியே செய்த அப்பல்லோ யாழை வானத்தை நோக்கித் தூக்கிப் பிடித்திருக்கிறார். அந்த யாழ் கட்டடத்தின் இடிதாங்கியாகவும் பயன்படுகிறது. அலங்காரச் சிற்பத்தில் தெய்வம் வேலை செய்யாமல் சும்மா நிற்க முடியாது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

கூரைகளை விட்டுத் தெருவுக்கு இறங்கினால், சிற்பியைவிட வார்ப்பாலையே முதன்மை பெறுகிறது. பிரான்சின் கிழக்கே ஓத்-மார்ன் பகுதியில் காடும் இரும்புத் தாதுவும் அருகருகே கிடைத்த பள்ளத்தாக்குகளில் வால் தோன், துரென் போன்ற வார்ப்பாலைகள் வளர்ந்தன. இவை சிற்பிகளிடமிருந்து மாதிரிகளை விலைக்கு வாங்கி, வார்ப்பிரும்பில் எத்தனை படி வேண்டுமானாலும் எடுத்து, படமும் விலையும் அச்சிட்ட விற்பனைப் பட்டியல்கள் மூலம் விற்றன. வால் தோனுக்கு மிக அதிகமாக மாதிரிகள் கொடுத்தவர்களில் ஒருவர் மாத்துரன் மொரோ. பட்டியலைப் புரட்டி, இந்தத் தொட்டி, அந்த நீர்மகள், மேலே இந்தக் குழந்தைகள் என்று ஒரு நகராட்சி தேர்ந்தெடுத்தால் பெட்டிகளில் பிரித்து அடைத்துக் கப்பலில் அனுப்பிவிடுவார்கள். ஆகையால்தான் ரியோ டி ஜெனிரோவிலும் சாந்தியாகோவிலும் லிமாவிலும் பிரெஞ்சு நீர்த்தேவதைகள் இன்றும் நிற்கிறார்கள். 1855ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக வார்க்கப்பட்ட மொரோவின் நீரூற்று ஒன்று போர்தோ நகரின் தூர்னி வீதியில் நூறாண்டுக்கும் மேல் நின்று, 1960இல் கழற்றப்பட்டு, பழம்பொருள் சந்தையில் துண்டுகளாகக் கிடந்து, பிறகு மீட்கப்பட்டு 2007 முதல் கனடாவின் கியூபெக் நகரில் நீர் பொழிகிறது. நாற்பத்து மூன்று உருவங்கள் கொண்ட அந்த நீரூற்று இப்படிக் கழற்றி மாட்டும்படி அமைந்திருந்ததே அதைக் காப்பாற்றியது.

எடின்பரோவுக்குச் சென்ற நீரூற்றுக்கு வரவேற்பு வேறு விதமாக இருந்தது. துரென் வார்ப்பாலையில் கிளாக்மனின் மாதிரிகளைக் கொண்டு செய்து, 1862ஆம் ஆண்டு லண்டன் கண்காட்சியில் வைக்கப்பட்ட அந்த நீரூற்றைத் துப்பாக்கி செய்யும் தொழிலதிபரான டேனியல் ராஸ் வாங்கி நகருக்குக் கொடையளித்தார். கோட்டைப் பாறையின் அடியில் 1872இல் அது நிறுத்தப்பட்டது. கடற்கன்னியரும் சிங்கமுகங்களும் அறிவியல், கலை, கவிதை, தொழில் என்ற பெயர் தாங்கிய பெண்களும் அதில் இருக்கிறார்கள். பக்கத்துத் திருச்சபையின் தலைமைக் குரு ராம்ஸே அது அருவருப்பானது என்றும் நகருக்கே இழுக்கு என்றும் கண்டித்தார். அறிவியல் என்ற பெயர்கூட அந்தப் பெண்ணுக்குப் போதிய ஆடையாக அவருக்குத் தோன்றவில்லை. அதே 1872இல் பாரிஸில் ரிச்சர்ட் வாலஸின் கொடையில் எழுந்த சிறு குடிநீர் ஊற்றுகள் இந்தச் சிக்கலை முன்னரே தவிர்த்துவிட்டன. ஷார்ல் லெபூர் வடித்த நான்கு தூண்பெண்கள் கூரையைத் தலையில் தாங்க, நடுவில் நீர் விழுகிறது. அவர்களுக்கு இரக்கம், எளிமை, அறம், நிதானம் என்று பெயர். உடை கழுத்துவரை ஒழுங்காக இருக்கிறது. நின்று பார்த்தால் இரண்டு பெண்களின் கண்கள் மூடியும் இரண்டு பெண்களின் கண்கள் திறந்தும் இருப்பதைக் காணலாம்; எளிமையும் நிதானமும் உள்நோக்கி மூடியிருக்க, இரக்கமும் அறமும் குடிக்க வருபவரைப் பார்க்கின்றன. தொன்மத்திலிருந்து ஒழுக்க நூலுக்கு இடம் மாறிய தேவதைகள் இவர்கள்.

வீட்டுக்குள் தெய்வங்களைக் கொண்டுவந்தது ஒரு பொறி. அஷீல் கோலா 1830களில் உருவாக்கிய சிற்பச் சுருக்கப் பொறியில் ஒன்றாகச் சுழலும் இரண்டு மேடைகள் உண்டு. ஒன்றில் மூலச் சிற்பத்தின் படியும், மற்றொன்றில் செதுக்கப்படாத சாந்துக் கட்டியும் வைக்கப்படும். ஒரு நெடிய கோலின் ஒரு புள்ளியில் உள்ள மழுங்கிய முள் மூலத்தின் மேடு பள்ளங்களைத் தடவிச் செல்ல, அதே கோலில் வேறொரு தொலைவில் பொருத்திய வெட்டுமுனை அதே அசைவைச் சிறிய அளவில் கட்டியில் பதிக்கும். கோலின் நிலைப்புள்ளிக்கும் இரு முனைகளுக்கும் உள்ள தூர விகிதமே சிற்பம் எத்தனை மடங்கு சுருங்க வேண்டும் என்பதை முடிவு செய்யும். கையும் தலையும் தனித்தனியே சுருக்கப்பட்டுப் பின்னர் இணைக்கப்படும். 1838இல் கோலாவுடன் கூட்டுச் சேர்ந்த ஃபெர்தினான் பார்பதியென் இந்தப் பொறியைக் கொண்டு, லூவ்ர் அருங்காட்சியகத்திலுள்ள பண்டைய கிரேக்கச் சிலையான மிலோ வீனஸைப் பல அளவுகளில் விற்றார். ஆளுயரத்துக்கும் மேலான லூவ்ரின் தேவி கணப்பு மாடத்தின் விளிம்பில் அடங்கும் உயரத்துக்கு வந்துவிட்டாள். உயிரோடிருந்த சிற்பிகளோடும் பார்பதியென் ஒப்பந்தம் செய்து, விற்கும் படிகளுக்கு ஏற்ப உரிமைத்தொகை கொடுத்தார். பெரிய சிலை ஒன்றுக்குக் கிடைக்கும் பரிசைவிட அதன் சிறு படிகள் தரும் நிலையான வருவாய் பல சிற்பிகளின் குடும்பங்களைக் காத்தது. வெண்கலம் வாங்க வசதியில்லாதவர்களுக்குத் துத்தநாக வார்ப்பில் வெண்கல நிறம் பூசிய ஹீபிகளும் மெர்குரிகளும் கிடைத்தன. அவற்றைச் சுரண்டிப் பார்த்தால் அடியில் சாம்பல் வெள்ளை தெரியும். பழம்பொருள் வாங்குபவர்கள் இன்றும் அடிப்பாகத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

இந்த உலகத்தின் நடுநாயகம் ஆல்பர்ட் எர்னெஸ்ட் காரியே-பெல்லூஸ். ஓபராவின் பெரிய படிக்கட்டின் அடியில் விளக்குக் கொத்துகளை ஏந்தி நிற்கும் பெண்கள் அவருடையவர்கள். மணிகாட்டி, பூச்சாடி, மெழுகுவத்தித் தண்டு, பாக்கஸின் தோழியரான பாக்கான்ட்களின் சுடுமண் தலை என்று எதையும் அவர் ஒதுக்கவில்லை. பின்னர் செவ்ர் பீங்கான் ஆலையின் கலை இயக்குநராகவும் ஆனார். 1864 முதல் அவருடைய பட்டறையில் கூலிக்கு வேலை செய்த இளைஞர் ஒகுஸ்த் ரொதேன். முகத்தில் சிரிப்பும் கூந்தலில் திராட்சைக் கொடியும் கொண்ட பெண் தலைகளை ரொதேன் செய்தார், முதலாளியின் கையொப்பத்தோடு அவை விற்பனைக்குச் சென்றன. பிற்காலத்தில் நவீனச் சிற்பத்தின் தந்தை என்று கொண்டாடப்பட்டவரின் விரல்கள் பழகியது இந்த அலங்காரச் சந்தையில்தான். 1880இல் அரசு அவரிடம் கேட்ட 'நரக வாயில்'கூட, ஓர் அலங்காரக்கலை அருங்காட்சியகத்துக்கான கதவுதான்.

இங்கிலாந்தில் இதே காலத்தில் திசை சற்றுத் திரும்பியது. ஆல்ஃப்ரெட் கில்பர்ட் 1880களின் தொடக்கத்தில் இத்தாலியில் தங்கியிருந்தபோது, நம் சுவாமிமலை ஸ்தபதிகளுக்குப் பழக்கமான மெழுகு வார்ப்பு முறையைக் கற்றார். சுவாமிமலையில் படிமம் கனமாக, உள்ளீடு நிரம்ப வார்க்கப்படும். இத்தாலியில் நடுவே மண் கரு வைத்து உட்கூடாக வார்ப்பார்கள். மணல் அச்சில் மழுங்கிவிடும் விரல் தடமும் தோல் சுருக்கமும் மெழுகில் அப்படியே நிற்கும். கில்பர்ட்டின் 'ஆயுதம் தரிக்கும் பெர்சியஸ்' சிறகு பூட்டிய செருப்பு சரியாகப் பொருந்துகிறதா என்று தோளுக்கு மேல் திரும்பிக் குதிகாலைப் பார்க்கும் பையன். பாம்புக் கூந்தல் அரக்கி மெதூசாவை வெல்லப் போகும் வீரனிடம் வெற்றி பற்றிய உறுதி எதுவும் இல்லை. மேசை மேல் வைக்கும் அளவுள்ள சிலையில் இத்தனை தயக்கத்தைக் கொண்டுவந்தது, கணப்பு மாடத்து ஹீபிகளுக்கு நடுவே புதிதாகவே இருந்தது.

அதே கில்பர்ட் பிக்கடிலி சந்திப்பில் 1893இல் நிறுவிய நினைவு நீரூற்று, பெயரைப் பற்றிய நம் கேள்விக்கு நேரடியாக வருகிறது. ஏழைக் குழந்தைத் தொழிலாளரின் நலனுக்காகச் சட்டங்கள் கொண்டுவந்த ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவின் நினைவாக, கோட்டு அணிந்த ஒரு சிலையைச் செய்ய கில்பர்ட் விரும்பவில்லை. மீனும் சங்கும் நெளியும் வெண்கல அடிப்பீடத்தின் மேல், ஒற்றைக் காலில் நின்று அம்பெய்த கணத்தில் உறைந்த சிறகுள்ள இளைஞனை அலுமினியத்தில் வார்த்து நிறுத்தினார். 1886க்குப் பின்னரே மலிவாகத் தொடங்கியிருந்த அந்த உலோகத்தின் எடைக் குறைவால்தான் அந்த ஒற்றைக்கால் நிலை கைகூடியது. கில்பர்ட்டின் எண்ணத்தில் அவன் ஆன்டெராஸ், அதாவது தன்னலமற்ற அன்பின் தெய்வம். கண்டித்தவர்களைச் சமாதானப்படுத்த அவனுக்குக் கிறித்தவ அறத்தின் தேவதூதன் என்றும் பெயர் சூட்டினார்கள். லண்டன் மக்கள் இரண்டையும் ஏற்காமல் காதல் தெய்வத்தின் பெயரால் ஈராஸ் என்றே அழைத்தார்கள்; இன்றும் அப்படித்தான். நீர் குடிக்கச் சங்கிலியில் கட்டியிருந்த குவளைகள் சில நாட்களிலேயே களவு போயின. ஒப்பந்தத் தொகையைவிடப் பன்மடங்கு செலவழித்த கில்பர்ட் 1901இல் கடனாளியாக அறிவிக்கப்பட்டு பெல்ஜியத்தின் ப்ரூஜ் நகரில் போய்த் தங்கினார்.

அந்த ஆண்டு ரோமிலும் இதே சண்டை நடந்தது. ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள வட்டச் சதுக்கத்தில் மாரியோ ருதெல்லி வடித்த நான்கு நீர்மகளிர், அன்னத்தின் மேலும் கடற்குதிரையின் மேலும் மல்லாந்து கிடந்ததைக் கண்டு எழுந்த எதிர்ப்பால் வேலியிட்டு மறைக்கப்பட்டார்கள். இளைஞர் கூட்டம் வேலியைப் பிடுங்கி எறிந்ததும் நீரூற்று தானாகவே திறப்பு விழா கண்டது.

நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகளில் தெய்வங்களின் வரிசையும் மாறியது. ஹீபிக்கும் டயானாவுக்கும் பதிலாக, பெண் தலையும் சிங்க உடலும் கொண்ட ஸ்ஃபிங்ஸ், மெதூசா போன்ற அச்சமூட்டும் பெண்ணுருவங்கள் மேசைக்கு வந்தன. நடிகை சாரா பெர்னார் 1880இல் தானே செய்த வெண்கல மைக்கூட்டில், அவருடைய முகம் ஒரு ஸ்ஃபிங்ஸின் உடலில் பொருந்தியிருக்கிறது; வௌவால் சிறகுகள் பின்னால் விரிய, நகமுள்ள முன்னங்கால்களுக்கு நடுவே மைக்கிண்ணம் இருக்கிறது, தோள்களில் இன்பியல், துன்பியல் முகமூடிகள் தொங்குகின்றன. பொருளும் மாறியது. பொன்னும் தந்தமும் கொண்டு பண்டைய ஏதென்ஸில் ஃபிடியாஸ் செய்த அதீனாவை நினைவூட்டி, ஜெரோம் 1892இல் போர்த்தெய்வம் பெலோனாவை வெண்கலத்திலும் தந்தத்திலும் செய்தார். பெல்ஜியத்தில் இந்தப் பாணி பெருகியதற்குக் காரணம் கலையார்வம் மட்டுமில்லை. மன்னர் இரண்டாம் லியோபோல்டின் தனிச் சொத்தாக இருந்த காங்கோவிலிருந்து வந்திறங்கிய யானைத் தந்தத்துக்குச் சந்தை தேவைப்பட்டது. காங்கோ நிர்வாகமே சிற்பிகளுக்குத் தந்தத்தைக் கொடுத்து ஊக்குவித்தது. 1897இல் டெர்வூரெனில் நடந்த காங்கோ கண்காட்சியில் அவர்களின் படைப்புகள் வைக்கப்பட்டன. அந்த ஆண்டு ஷார்ல் வான் டெர் ஸ்டாப்பன் செய்த 'மர்ம ஸ்ஃபிங்ஸ்' தலைக்கவசம் அணிந்த பெண்ணின் மார்பளவுச் சிலை; தந்த முகத்தில் உதடுகளுக்கு அருகே ஒரு கை உயர்ந்து மௌனம் காக்கச் சொல்கிறது. அந்தத் தந்தத்தைச் சுமந்து வந்தவர்களின் நிலையை அறிந்து பார்த்தால், அந்தச் சைகை சிற்பி எண்ணியிராத வேறொன்றையும் சொல்கிறது.

1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சிக்காகப் பழைய பரிவாரம் கடைசியாக ஒருமுறை முழு எண்ணிக்கையில் கூட்டப்பட்டது. மூன்றாம் அலெக்சாந்தர் பாலத்தின் நான்கு தூண்களின் மேல் சிறகுக் குதிரைகளைப் பிடித்த பொன்னிறப் புகழ்த்தேவியர், வளைவின் நடுவே அடித்த செம்புத் தகட்டில் சேன், நேவா ஆற்றுப் பெண்கள், எதிரே உள்ள கண்ணாடி மாளிகையின் கூரையில் ரெசிப்போனின் நாற்குதிரைத் தேர்கள். அதே ஆண்டுகளில் ரௌல் லார்ஷ் பொன்முலாம் பூசிய வெண்கலத்தில் ஒரு மேசை விளக்கு செய்தார். கைகளை உயர்த்தி ஒரு பெண் சுழல்கிறாள். அவள் வீசும் துகில் தலைக்கு மேல் பெரிய மடிப்பாகச் சுருண்டு எழுகிறது. மடிப்புக்குள் மின்விளக்குகள் மறைந்திருக்கின்றன, ஒளி துணியிலிருந்தே கசிவது போலத் தோன்றும். அவள் நீர்மகளும் இல்லை, பாக்கஸின் தோழியும் இல்லை. பாரிஸ் மேடைகளில் வண்ண மின்னொளியின் நடுவே பட்டுத் துணியைச் சுழற்றி ஆடிய லோயி ஃபுல்லர் என்னும் அமெரிக்க நடனக்காரி. சிலை அவருடைய சொந்தப் பெயரிலேயே விற்பனைக்கு வந்தது, யாரும் மைப்புட்டி வீசவில்லை.